மொறிஸ் மைனரில் டிறம் பிறேக்கை டிஸ்க் பிறேக்காக மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் இருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போதுதான் அப்பாவின் 1961 மைனருக்கு டிஸ்க் பிறேக் போடுவது என்று முடிவெடுத்தேன். மெதுவாகத்தான் வந்தேன், இரண்டாம் கியரில்தான் வந்தேன், ஆனாலும் ஏழெட்டு வளைவு தாண்டியதும் பெடல் கீழே கீழே போகிறது, பிறேக் சூ கருகும் மணம் உள்ளே வருகிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி தன்பாட்டில் உருளுகிறது. கைப் பிறேக்கையும் சேர்த்து இழுத்து ஒரு தேத்தண்ணிக் கடை முற்றத்தில் நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிட்டேன். பின் இருக்கையில் அம்மாவும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்த வண்டிகளை நாங்கள் வைத்துப் பார்க்கிற விதமே வேறு. பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி, கர்ப்பிணிகளையும் காயப்பட்டவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டிகள் இவை. விற்கவும் மனம் வராது, சும்மா மூடி வைக்கவும் மனம் வராது. ஓட்டுவதென்றால் இன்றைய றோட்டில், இன்றைய பஸ்களுக்கும் வான்களுக்கும் நடுவில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்கு இது தேவையா?

மைனரில் நாலு சில்லுக்கும் லொக்கீட் கொம்பனியின் டிறம் பிறேக், அதாவது சில்லோடு சுற்றும் டிறம்முக்குள் சூ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து அழுத்துகிற வகை. 1962 வரை வந்த வண்டிகளில் முன்னும் பின்னும் 7 அங்குலம், 1098 சிசி எஞ்சின் வந்தபோது முன் டிறம் 8 அங்குலமானது. முன்னுக்கு இரண்டு சூவும் சில்லு சுற்றும் திசையிலேயே தள்ளுகிற அமைப்பு, அதாவது டிறம் சுற்றச் சுற்ற சூவைத் தானே இன்னும் இறுக்கிக்கொள்ளும். அதனால்தான் கால் மிதிக்குப் பலம் சேர்க்கிற சேர்வோ இல்லாமலே கால் நோகாமல் நிற்கிறது. ஒழுங்காகப் பொருத்தி, சூவை அடிக்கடி சரிசெய்து வைத்திருந்தால் ஊருக்குள் ஓட இது தாராளமாகக் காணும்.

சிக்கல் இரண்டு இடத்தில். ஒன்று சூடு. டிறம் சூடானால் விரியும், விரிந்தால் சூவை விட்டு விலகும், பெடல் நீளும். டிஸ்க் என்பது சில்லோடு சுற்றும் வட்டத் தகடு, இரண்டு பக்கமும் பாட் என்ற கட்டைகள் அதை நெரித்து நிறுத்தும். அது சூடானால் தடிக்கும், பாட்டை நோக்கித்தான் வரும். இரண்டாவது தண்ணீர். மாரி மழையில் முழங்கால் வெள்ளத்துக்குள்ளால் வந்து பிறேக்கை மிதித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. டிஸ்க் திறந்து கிடப்பதால் ஓரிரு சுற்றிலேயே தண்ணீரை வழித்துவிடும்.

மலைநாட்டுப் பக்கம் போகாதவர், ஏ9 நெடுஞ்சாலையில் நீளமாக ஓடாதவர் என்றால் 1098 இன் 8 அங்குல முன் பிறேக்கைத் தேடிப் போட்டாலே போதும் என்பது என் அபிப்பிராயம். செலவும் குறைவு, வண்டியின் இயல்பும் மாறாது.

எதைச் செய்ய முன்னரும் பார்க்க வேண்டியது

முன் சில்லை ஜக்கில் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடப்பு இருந்தால் பெயாரிங்கா, ட்ரனியனா (முன் சில்லின் அச்சைத் தாங்கித் திரும்பவிடுகிற மரை மூட்டு) என்று கண்டுபிடியுங்கள். மைனரில் கீழ் ட்ரனியன் மரை தேய்ந்து கழன்றால் முன் சில்லு மடிந்து வண்டி மூக்கால் விழும், இது மைனர் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த கதை. டிஸ்க் போட்டால் பழையதைவிட அதிக பலத்தோடு முன் அச்சை இழுக்கப் போகிறீர்கள். தேய்ந்த ட்ரனியனில் டிஸ்க் மாட்டுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் காசை அங்கே போடுங்கள்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உங்கள் காப்புறுதி நிறுவனத்திலும் இந்த மாற்றத்தைப் பற்றி முதலே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்திருங்கள். விபத்து ஒன்று நடந்த பிறகு இதைப் பேசப் போவது மிகவும் பிந்திய வேலை.

சாமான்

இங்கிலாந்தில் மைனருக்கென்றே செய்த கிற் விற்கிறார்கள். பெரும்பாலும் போர்ட் கார்களின் கலிப்பரும் (பிஸ்டனால் பாட்டை டிஸ்க்கில் நெரிக்கிற கவ்வி), முன் சில்லு சுற்றுகிற குட்டை அச்சான ஸ்ரப் அச்சில் டிறம்மின் பழைய பின்தகடு இருந்த இடத்தில் பூட்டுகிற தடித்த இரும்புப் பிறக்கெற்றும், ஒரு சோடி டிஸ்க்கும் வரும். இன்னொரு வழி, மைனரின் முன் டோர்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகிப் பாரம் தாங்கும் இரும்புக் கம்பி) அமைப்பைத் தழுவி 1971 இல் வந்த மொறிஸ் மரீனாவின் சாமான்களைப் பொருத்துவது. அது நல்ல வழிதான், ஆனால் மரீனாச் சாமான் தேடி அலைவதை விட கிற் வாங்குவது லேசு.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய கலிப்பர் மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு: பிஸ்டனைக் கழற்றிப் பார்த்து, மேற்பரப்பில் துருப்பிடித்த குழி ஒன்றாவது இருந்தால் வேண்டாம். றப்பர் சீல் எல்லாம் புதிதாகவே போட வேண்டும். பிறக்கெற்றை மட்டும் ஊர் வெல்டிங் கடையில் தகடு வெட்டிச் செய்விக்காதீர்கள். முழு வண்டியின் நிறுத்தும் பலமும் அந்த ஒரு துண்டில்தான் தொங்குகிறது, அதன் இரும்பும் துளையின் அளவும் ஆள் பார்த்துச் சொல்லும் கணக்கு இல்லை.

இவற்றோடு புதிய நெகிழ் ஹோஸ் இரண்டு, 3/16 அங்குலப் பிறேக் பைப், முன் பெயாரிங், கிறீஸ் சீல், ஸ்பிளிற் பின், டொட் 4 பிறேக் ஒயில் ஒரு லீற்றர், நுண்ணிய ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜ் ஒன்று (லேத் கடையில் இரவல் கேட்கலாம்) எல்லாம் கையில் இருக்கட்டும். வண்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாமானுக்குக் காத்திருந்தால் அந்த இடைவெளியில்தான் சின்னச் சின்னத் துண்டுகள் காணாமல் போகும்.

மரை விசயம்

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மைனரின் பைப் மரைகள் 3/8 அங்குல யூஎன்எஃப் என்ற அங்குல வகை, அங்குலத்துக்கு 24 சுற்று. போர்ட் கலிப்பரில் எம்10 என்ற மெற்றிக் வகை, சுற்றுக்கு 1 மி.மீ. ஒன்று 9.5 மி.மீ., மற்றது 10 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 3/8 ஆணியை எம்10 துளைக்குள் விட்டால் தொளதொளவென்று ஏறி, கடைசியில் இறுகியது போலவும் இருக்கும், முழுப் பலத்தோடு மிதிக்கிற அன்றைக்குக் கழன்று வரும். என் வண்டியில் முதலில் வேலை செய்த இடத்தில் இப்படித்தான் ஒரு பக்கம் பூட்டிவிட்டிருந்தார்கள், சோதனையின்போது ஒயில் பீச்சியதால்தான் தெரிந்தது. அன்று முதல் ஒவ்வொரு மரையையும் நானே கையால் திருகிப் பார்க்கிறேன். சரியான சோடி என்றால் விரலாலேயே ஐந்தாறு சுற்று வழுக்கிக்கொண்டு போகும், ஆடாது.

கழற்றுதல்

சமதரையில் நிறுத்தி, பின் சில்லுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, முன்பக்கத்தை உயர்த்தி சசியின் கீழ் ஸ்ராண்ட் வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. பழைய சூக்களில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம், ஆகவே டிறம்முக்குள் உள்ள தூசியை எயார் அடித்துப் பறக்கவிடாமல் ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறியுங்கள்.

டிறம்மை எடுத்த பிறகு, நடுவில் உள்ள கிறீஸ் மூடி, ஸ்பிளிற் பின், பெரிய நட். நட்டில் பலம் போட முன்னர் மரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள், இடப்பக்க அச்சில் எதிர்த்திருகாக இருக்கலாம். சில்லு பூட்டப்படுகிற ஹப்பை இழுக்கப் புல்லர் தேவை, சுத்தியலால் அடித்தால் பெயாரிங் போகும். பிறகு ஹோஸைக் கழற்றி, வாயை அடைத்துவிட்டு, பின்தகட்டை ஸ்ரப் அச்சோடு பிடிக்கிற போல்ட்டுகளை எடுங்கள். கழற்றியதெல்லாவற்றையும் இடம், வலம் என்று எழுதிய இரண்டு பெட்டியில் வையுங்கள். ஒன்றையும் எறிய வேண்டாம், நாளைக்கு ஒருவர் இந்த வண்டியை முதல் இருந்தபடி ஆக்க விரும்பலாம்.

டிஸ்க்கும் கலிப்பரும்

ஸ்ரப் அச்சின் முகத்தை வயர் பிறஷால் பளிச்சென்று துப்புரவாக்கி, பிறக்கெற்றை வைத்து, கிற்றில் சொன்ன இறுக்கத்துக்கு டோர்க் றென்ச்சால் இறுக்குங்கள். ஹப்பும் அப்படித்தான், டிஸ்க் இருக்கிற முகத்தில் ஒரு பொட்டுத் துருவும் இருக்கக் கூடாது. புதிய பெயாரிங்கைக் கிறீஸ் அடைத்துப் பூட்டி, நட்டை மைனரின் கைநூலில் உள்ள அளவுக்கே இறுக்குங்கள். வேறு கார்களில் செய்வது போல இறுக்கிவிட்டுக் கால் சுற்று இளக்குகிற பழக்கம் இங்கே சரிவராது, இது பந்துப் பெயாரிங், நடுவில் வளையம் இருக்கிறது.

இப்போது டயல் கேஜ். டிஸ்க்கை மெதுவாகச் சுற்றி ஆட்டத்தைப் பாருங்கள். 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள்: மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஒயிலைப் பைப்புக்குள் தள்ளுகிற சிலிண்டர்) 7/8 அங்குலம், அதாவது 22.2 மி.மீ. விட்டம், பரப்பு ஏறத்தாழ 388 சதுர மி.மீ. கலிப்பருக்கு 48 மி.மீ. பிஸ்டன் இரண்டு என்று வைத்தால் ஒவ்வொன்றும் 1,810 சதுர மி.மீ., இரண்டு பக்கமும் சேர்ந்து நாலு பிஸ்டன். டிஸ்க் ஆடி ஒவ்வொரு பிஸ்டனையும் 0.3 மி.மீ. பின்னால் தள்ளிவிட்டால், அந்த இடத்தை நிரப்ப மாஸ்ரர் சிலிண்டர் பிஸ்டன் 5.6 மி.மீ. சும்மா ஓட வேண்டும். பெடலில் கால் வைக்கிற இடத்தில் அது இன்னும் பல மடங்கு. "டிஸ்க் போட்டும் பெடல் பாதாளத்துக்குப் போகிறது" என்று சொல்கிற பலரின் வண்டியில் எயாரும் இல்லை, ஒழுக்கும் இல்லை, ஆடுகிற டிஸ்க் அல்லது இளகிய பெயாரிங்தான் காரணம்.

ஆட்டம் கூட இருந்தால் டிஸ்க்கை ஹப்பில் ஒரு துளை தள்ளிப் பூட்டிப் பாருங்கள், பல தடவை அதிலேயே சரியாகிவிடும்.

கலிப்பரைப் பூட்டும்போது எயார் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடமும் வலமும் மாறினால் நிப்பிள் கீழே போய்விடும், பிறகு எத்தனை போத்தல் ஒயில் ஊற்றினாலும் எயார் போகாது. கலிப்பரின் வாய்க்கு நடுவில் டிஸ்க் ஓடுகிறதா என்று இரண்டு பக்க இடைவெளியையும் அளந்து, தேவையானால் வொஷர் வைத்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பாட்டுக்குப் பின்னால் அதற்குரிய கிறீஸ் கொஞ்சம், முகத்தில் ஒன்றும் படக் கூடாது.

பைப் வேலைக்குப் போக முன்னர் சில்லைப் பூட்டிச் சுற்றிப் பாருங்கள். மைனரின் 14 அங்குலச் சில்லு ஒடுக்கமானது, சில கிற் அதற்குள் அடங்கும், சில அடங்காது. கலிப்பருக்கும் சில்லுக்கும் நடுவில் 3 மி.மீ. ஆவது வெளி இருக்கட்டும், உள்பக்கம் ஒட்டுகிற பலன்ஸ் ஈயத்தையும் மறக்காதீர்கள். டிஸ்க் ஹப்புக்கும் சில்லுக்கும் இடையில் உட்காருகிற வகை என்றால் சில்லு ஆணி எட்டுகிறதா, நட் முழு மரைக்கும் ஏறுகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

ஹோஸைப் பூட்டிய பின் ஸ்ரியறிங்கை இடக்கடைசி, வலக்கடைசி என்று திருப்பி, சில்லைத் தொங்கவிட்டும் ஜக்கால் மேலே தள்ளியும், நாலு நிலையிலும் ஹோஸ் இழுபடாமல், முறுக்காமல், எதிலும் உரசாமல் இருக்கிறதா பாருங்கள். அவசரப்பட வேண்டாத இடம் இது.

மாஸ்ரர் சிலிண்டர்: உண்மையான வேலை இங்கேதான்

சில்லுப் பக்கம் முடிந்ததும் பாதி முடிந்தது என்று நினைப்போம். எனக்கு அங்கே ஒரு நாள் போனது, இங்கே நாலு நாள்.

மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சசிக்குள் ஒளிந்திருக்கிறது. அதைப் பிடிக்கிற நீள போல்ட்டுகளை இழுத்தெடுக்க டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். பாரை இளக்கி விலத்த வேண்டும், அதில் வண்டியின் முன்பாரம் முறுக்காக ஏறியிருக்கிறது, ஆகவே கைநூலில் சொன்ன ஒழுங்கில், கீழ்க் கையை ஜக்கால் தாங்கிக்கொண்டு, தெரிந்த ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை மற்றப் பக்கத்தால் விட்டால் அடுத்த முறை பாரைத் தொடாமலே கழற்றலாம்.

ஏன் இதைத் தொட வேண்டும்? டிறம் வண்டிகளின் மாஸ்ரர் சிலிண்டர் கடைசியில் ஒரு சின்ன வால்வு இருக்கும். பெடலை விட்ட பின்னும் பைப்பில் கொஞ்ச அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை. டிறம்முக்கு அது நல்லது, சூவை இழுத்தெடுக்க ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க்கில் ஸ்பிரிங் இல்லை, அந்த அழுத்தம் பாட்டை எந்நேரமும் டிஸ்க்கில் தேய்த்துக்கொண்டே இருக்கும், பத்துக் கிலோமீற்றரில் ஹப் கொதிக்கும். ஆகவே வால்வை எடுத்துவிட்டு, பின் பிறேக்குக்குப் போகிற பைப்பில் 10 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வால்வு ஒன்றும், முன் பைப்பில் 2 பிஎஸ்ஐ வால்வு ஒன்றும் போடுங்கள். அந்த 2 பிஎஸ்ஐ எதற்கு என்றால், மாஸ்ரர் சிலிண்டர் கலிப்பரை விடத் தாழ்வாக இருப்பதால் நிறுத்தி வைக்கும்போது ஒயில் பின்வாங்கக் கூடும், அதைத் தடுக்கத்தான்.

இதைவிடப் பெரிய விசயம் ஒன்று உண்டு. மைனரில் நாலு சில்லுக்கும் ஒயில் போவது ஒரே பைப் தொடரில். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சில்லிலும் பிறேக் இல்லை, கைப் பிறேக் மட்டும்தான். முன், பின் என்று பிரித்து வேலை செய்கிற இரட்டை மாஸ்ரர் சிலிண்டர் கிற்றும் கிடைக்கிறது. காசு ஒன்றுக்குத்தான் காணும், டிஸ்க்கா இரட்டைச் சிலிண்டரா என்று யாராவது கேட்டால், நான் இரட்டைச் சிலிண்டர் என்றுதான் சொல்வேன். பாரைக் கழற்றித் தரையைத் திறந்து வைத்திருக்கும்போதே இரண்டையும் சேர்த்துச் செய்தால் கூலி ஒன்று மிச்சம்.

எதைப் போட்டாலும் பெடலில் சும்மா அசைவு இருக்க வேண்டும். கையால் அமுக்கினால் மூன்று நாலு மி.மீ. போன பிறகுதான் பிஸ்டன் தொடுபட வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல் ஒயில் திரும்பும் துளையை மூடிக்கொண்டு நிற்கும், ஓட ஓடச் சூட்டில் ஒயில் விரிந்து பிறேக் தானாகப் பிடிக்கும்.

சேர்வோ? டிஸ்க் தன்னைத் தானே இறுக்காது, ஆகவே கால் பலம் கூடத் தேவைப்படும். முக்கால் தொன் அளவு வண்டிக்கு நான் சேர்வோ இல்லாமலே ஓட்டுகிறேன், பழகிவிட்டது. வயதானவர் ஓட்டுகிற வண்டி என்றால் பொனற்றுக்குள் தனிச் சேர்வோ போடுங்கள், ஆனால் எஞ்சின் தேய்ந்திருந்தால் அதற்கு வேண்டிய வெற்றிடம் கிடைக்காது.

ஒயிலும் எயாரும்

டொட் 4 ஈரம் இழுக்காத புதிய நிலையில் குறைந்தது 230 பாகை செல்சியஸில் கொதிக்கும், ஈரம் இழுத்த பிறகு அது 155 வரை இறங்கலாம். எங்கள் கடற்கரைக் காற்றில் திறந்து வைத்த போத்தலைத் திரும்பப் பாவிக்காதீர்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். சிலிக்கன் டொட் 5 ஐ இதோடு கலக்கக் கூடாது. பெயின்றில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

எயார் எடுப்பது தூரத்தில் இருந்து கிட்ட: பின் இடம், பின் வலம், முன் இடம், முன் வலம். அதற்கு முன் பின் சூக்களை டிறம்மில் தொடும் அளவுக்குச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் பெடல் நீளமாக இருப்பது எயாராலா சூவாலா என்று தெரியாமல் குழம்புவீர்கள். ஒருவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட, குமிழி நிற்கும் வரை. ஒயில் மட்டத்தை இடையிடையே பார்த்து ஊற்றுங்கள்.

முடிந்ததும் முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்திருக்கச் சொல்லி, ஒவ்வொரு மூட்டையும் ரோச் அடித்துத் தாளால் துடைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஓடாதீர்கள். பெடல் மெதுவாகத் தாழ்ந்தாலும் ஓடாதீர்கள்.

றோட்டில்

முதலில் முற்றத்துக்குள்ளேயே நடை வேகத்தில். பிறகு வெறிச்சோடிய நேரான றோட்டில் மணிக்கு 50 கிலோமீற்றரில் இருந்து 15 வரை மெதுவாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், இடையில் ஆற விட்டு, ஒரு இருபது தடவை. பாட் டிஸ்க்கோடு படிய இது வேண்டும். சூடாக இருக்கும்போது பெடலை அமுக்கிப் பிடித்தபடி நிறுத்தி வைக்காதீர்கள், அந்த இடத்தில் பாட்டின் தடம் பதிந்து பிறகு அதிரும்.

படிந்த பின் ஒரு பலத்த பிறேக். ஸ்ரியறிங்கை இளக்கமாகப் பிடித்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா பாருங்கள். பின்சில்லு முதலில் சுற்றாமல் இறுகி வழுக்குகிறதா என்றும் ஒருவரை வெளியில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னுக்குப் பலம் கூடியதால் பெரும்பாலும் அப்படி நடக்காது, ஆனால் சேர்வோ போட்டவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், அது பின் பைப்பிலும் அழுத்தத்தைக் கூட்டுகிறது. பிறகு ஐந்து கிலோமீற்றர் பிறேக்கைத் தொடாமல் ஓடி நிறுத்தி, இரண்டு முன் ஹப்பிலும் கைப்புறத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டும் ஒரே இளஞ்சூடு என்றால் சரி. ஒன்று சுடுகிறதென்றால் அந்தப் பக்கப் பாட் பிடிக்கிறது, பெடல் அசைவில் இருந்து திரும்பத் தொடங்குங்கள்.

100 கிலோமீற்றரிலும் 500 கிலோமீற்றரிலும் சில்லைக் கழற்றி, பிறக்கெற் போல்ட்டுகளை டோர்க் றென்ச்சால் சோதித்து, ஹோஸின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எங்கேயாவது மினுங்குகிற உரசல் தடம் தென்பட்டால் அன்றைக்கே அந்த ஹோஸின் பிடியை மாற்றுங்கள். என் வண்டியில் வலப்பக்கம் அப்படி ஒன்று 500 ஆம் கிலோமீற்றரில்தான் தெரிந்தது, பிடியை ஒரு அங்குலம் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிய பிறகுதான் திரும்ப ரம்பொடைப் பக்கம் ஏறினேன்.